பேரும் பெறுமதியும்

டிக்கோயாவிலிருந்து நோர்வூட், பொகவந்தலாவை நோக்கிச் செல்லும் பாதையின் இருமருங்கிலுமுள்ள தோட்டங்களிலே மாதந்தோறும் ஒரு சிறு தாள் கைமாறுகின்றது. அதற்குச் சம்பளச் சீட்டு என்று பெயர். வேலை செய்த நாட்கள் இத்தனை, பறித்த கொழுந்து இத்தனை கிலோ, சேர்வது இவ்வளவு, கழிவது இவ்வளவு, கையிற் கிடைப்பது இவ்வளவு என்று எண்கள் வரிசையாக நிற்கும். லயத்து வாசலில் அதனை வாசித்துச் சொல்லுமாறு கேட்கப்படுபவர் பெரும்பாலும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையே. அத்தகைய பிள்ளைகளிற் சிலர் வளர்ந்து பல்கலைக்கழகங்களின் விஞ்ஞான, பொறியியற் பீடங்களுக்கும் வந்து சேர்ந்துள்ளனர்; கணினி கற்றுத் தேறியுமுள்ளனர். விடுமுறைக்கு வீடு சென்று அதே சீட்டை அவர்கள் மீண்டும் கையிலெடுத்தால், இம்மாதம் ஏன் குறைந்தது என்று தாய் கேட்கும் கேள்விக்கு அவர்களாலும் விடை கூற முடிவதில்லை.

ஆங்கிலம் அறியாமை அதற்குக் காரணமன்று. கணக்கு அறியாமையும் காரணமன்று. அச்சீட்டிலே விளைவு உண்டு, வினை இல்லை. எந்த விதியின்படி அந்த எண் பிறந்தது என்பது வேறோரிடத்தில், வேறொரு மொழியில், வேறொருவர் பார்வைக்கென எழுதி வைக்கப்பட்டுள்ளது. தாள் தொழிலாளிக்கு, விதி அலுவலகத்துக்கு. இதனைத் தோட்ட நிருவாகத்தின் அசட்டை என்று மட்டும் கூறி அமைபவர் பிரச்சினையின் பாதியையே கண்டவராவர். மறுபாதி, கணினித்துறையினர் ஏறத்தாழ வேதவாக்காகப் போற்றிவரும் ஒரு கோட்பாட்டிலே தங்கியுள்ளது. ஆவணத்தை எழுதும் மொழி வேறு, கணக்கைச் செய்யும் மொழி வேறு, இரண்டையும் ஒருபோதும் கலத்தலாகாது என்பதே அக்கோட்பாடு. கூலியைச் சொல்லும் தாளைப் பொறுத்தவரை இக்கோட்பாடு தவறானது. அது அறியாமல் விளைந்த தவறு ஆயினும், யாருக்கு நன்மை பயக்கின்றது என்பதில் மட்டும் ஐயமில்லை.

தோட்டத்து மொழியிலே 'பேர்' என்றொரு சொல் உண்டு. காலையிற் பிரட்டுக்களத்திலே கூடி, மலையேறி வேலைசெய்து, கொழுந்து நிறுத்து முடிந்தபின் செக்றோலிலே விழும் குறிக்குப் பேர் என்று பெயர். நாட்கூலி முழுமையாகக் கிடைத்தால் அது முழுப்பேர். கொழுந்தின் நிறை குறித்த அளவுக்கு வாராதபோது பாதிக்கூலி மட்டும் பதியப்பட்டால் அது அரைப்பேர். ஒரு மனிதருடைய பெயரைப் பாதியாக வெட்ட முடியும் என்று வேறெந்தச் சமூகத்தவரும் எண்ணிப் பார்த்திருப்பரோ என்பது ஐயமே. ஆயினும் அச்சொல்லின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. பேர் என்பது ஓர் அடையாளம். இன்னார் இன்ன நாளில் வேலைக்கு வந்தார் என்பதைக் காட்டுவது. அதேவேளை அது ஒரு பெறுமதி; இவ்வளவு ரூபா என்று கூட்டப்படுவது. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நிபந்தனையும் அதற்குள் மறைந்துள்ளது. இத்தனை கிலோ வந்திருந்தால் முழுமை, இல்லையேற் பாதி. கணினி அறிஞர் குறியிடுதல் என்றும், தரவு என்றும், நிரல் என்றும் மூவேறு பிரிவாக்கி வைத்துள்ளவற்றைச் செக்றோல் ஒரே சொல்லில் அடக்கி வைத்திருந்தது.

இதனைக் கண்டு பெருமிதம் கொள்வதற்கு எதுவுமில்லை. அடையாளமும் பெறுமதியும் செக்றோலில் எழுதப்பட்டன. நிபந்தனையோ கணக்கப்பிள்ளையின் மனத்தில் இருந்தது. மழைநாளில் எத்தனை கிலோவுக்கு அரைப்பேர், கூடையின் நிறைக்கும் கொழுந்திலுள்ள நீருக்கும் எவ்வளவு கழிவு என்பன ஏட்டில் ஏறவில்லை. எனவே கலப்பு மட்டும் போதாது. கலந்திருப்பவை யாவும் எழுத்திலே தெரியவேண்டும். இவ்வேறுபாட்டை மறந்தவரே பின்னர் இருதரப்பிலும் நின்று பிழையாக வாதிடுகின்றனர்.

எழுதிய தாளே வினை புரிவதாக இருந்த ஒரு காலமும் மலையகத்துக்கு உண்டு. துண்டு எனப்பட்ட சீட்டை வரலாற்று மாணவர் அறிவர். இன்ன தொழிலாளர் இவ்வளவு கடன்பட்டுள்ளனர், அத்தொகை செலுத்தப்பட்டால் விடுவிக்கப்படுவர் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த தாள் அது. பெரிய கங்காணி அதனை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குச் செல்வான். அத்தோட்டத்துத் துரை பணத்தைக் கொடுத்து ஆட்களை எடுப்பான். கடன் அவ்வாட்களோடு கூடவே சென்று புதிய தோட்டத்துக் கணக்கிலே அமரும். 'செலுத்தினால் விடுவிக்கப்படுவர்' என்ற அவ்வொரு வாக்கியம் ஆவணமாகவும் கட்டளையாகவும் ஒருங்கே இயங்கியது. ஆனால், கடன் எவ்வாறு அத்தொகையாயிற்று என்பதைத் துண்டு கூறவில்லை. அரிசிக்கு எவ்வளவு, முன்பணத்துக்கு எவ்வளவு, கங்காணி தன் பங்குக்கு ஏற்றி வைத்தது எவ்வளவு என்பன அத்தாளுக்கு வெளியே நின்றன. இறுதித் தொகை ஒன்றே மனிதரை ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கொண்டுசென்றது. 1921 ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. இறுதித் தொகையை மட்டும் காட்டும் வழக்கத்தை எந்தச் சட்டமும் ஒழிக்கவில்லை.

1992 இல் அரச தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கொம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. செக்றோலின் இடத்தைப் படிப்படியாகக் கணினி பிடித்தது. கைத்தராசின் இடத்திலே பல தோட்டங்களில் மின்தராசு வந்தது. முன்பு கணக்கப்பிள்ளையின் மனத்திலிருந்த நிபந்தனை இப்போது ஒரு நிரலினுள்ளே குடிபுகுந்துள்ளது. கணக்கப்பிள்ளையிடமாவது சண்டை பிடிக்கலாம். அவர் பக்கத்து மலையிலேயே நிற்பார். சில வேளை மனமிரங்கி அரைப்பேரை முழுப்பேராக்கவும் செய்வார். நிரலின் முகவரி டிக்கோயாவில் இல்லை.

எழுதப்படாத விதி என்ன செய்யும் என்பதற்கு 2016 ஒக்டோபரில் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தமே போதிய சான்று. நாட்சம்பளம் 730 ரூபா என்று பத்திரிகைகள் எழுதின. மேடைகளிலும் அவ்வாறே முழங்கப்பட்டது. உண்மையில் 730 என்பது ஓர் எண்ணன்று, ஒரு நிரல். அடிப்படைச் சம்பளம் 500. விலைப்பங்குக் கொடுப்பனவு 30. வரவுக் கொடுப்பனவு 60. உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140. இவற்றுள் வரவுக் கொடுப்பனவு, தோட்டம் வழங்கிய வேலைநாட்களில் நூற்றுக்கு 75 வந்தவருக்கே உரியது. உற்பத்தித்திறன் கொடுப்பனவு, குறித்த கிலோவை எட்டியவருக்கே உரியது. இவ்விரண்டையும் பெறாதவருக்கு நாட்சம்பளம் 530 ரூபாவே. 730 என்று சொன்னவரும் பொய் சொல்லவில்லை, 530 பெற்றவரும் பொய் சொல்லவில்லை. இரண்டுக்கும் இடையிலிருந்த 'ஆல்' என்னும் விகுதியை யாரும் உரக்கச் சொல்லவில்லை.

அந்த 75 ஐச் சற்று ஆராய்வோம். ஒரு மாதத்தில் 25 நாள் வேலை வழங்கப்பட்டதாகக் கொண்டால் அதில் நூற்றுக்கு 75 என்பது பதினெட்டே முக்கால் நாள். முக்கால் நாள் வேலைக்கு வருதல் எவராலும் இயலாது. 18 நாள் வந்தவருக்கு நூற்றுக்கு 72, கொடுப்பனவு இல்லை. 19 நாள் வந்தவருக்கு நூற்றுக்கு 76. 19 நாளுக்கும் நாளொன்றுக்கு 60 ஆக 1,140 ரூபா உண்டு. ஆகவே, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பத்தொன்பதாம் நாள் வீட்டில் தங்கிய தாய் அன்றைய கூலியோடு மேலும் 1,140 ரூபாவை இழந்தாள். இதனைச் சீட்டு அவளுக்குக் கூறாது. வரவுக் கொடுப்பனவு என்ற கட்டத்திலே சுழியம் நிற்கும். ஊழியர் சேமலாப நிதிக்கு அவளிடமிருந்து கழியும் நூற்றுக்கு 8 எந்த எண்ணின் மீது கணிக்கப்படுகின்றது என்பதும் அவ்வாறே. 500 இன் மீதாயின் 40 ரூபா, 730 இன் மீதாயின் 58 ரூபா 40 சதம். முதுமையிற் கைக்கு வரும் பணம் அந்த விடையில் தங்கியுள்ளது. விடையைத் தாங்கும் வரி சீட்டில் இல்லை. 2019 ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளத்தை 700 ஆக்கி, வரவு, உற்பத்தித்திறன் ஆகிய இரு கொடுப்பனவுகளையும் நீக்கியது. 2021 இல் சம்பள நிர்ணய சபையின் வழியே 1,000 ரூபா வந்தது. அதுவும் 900 உம் 100 உமாகப் பிரிந்தே வந்தது. ஒவ்வொரு முறையும் எண் மாறிற்று, விதி மாறிற்று. தாளின் அமைப்பு மாறவில்லை.

இனி, கலத்தலாகாது என்ற கோட்பாட்டுக்கு வருவோம். அது வெறும் பிடிவாதத்தால் எழுந்ததன்று. அச்சகத்தாருக்கெனக் கையெழுத்துப் பிரதியின் ஓரத்திலே, இது தலைப்பு, இது அடிக்குறிப்பு, இங்கே பெரிய எழுத்து என்று குறிப்பெழுதும் வழக்கம் பழையது. அவ்வழக்கத்தைக் கணினிக்கு ஏற்றி, 1969 அளவில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்னும் மூவர் ஒரு குறிமொழியை உருவாக்கினர். ஒரு பகுதி எவ்வாறு தோன்றவேண்டும் என்று கட்டளையிடாமல், அது என்ன என்று மட்டும் பெயரிட்டு வைத்தால் அதே ஆவணத்தைப் பல பணிகளுக்குப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் கண்ட உண்மை. 1986 இல் அது சர்வதேச நியமமாயிற்று. இணையப் பக்கங்களை எழுதும் மொழி அதன் வழிவந்ததே. பெயரிடுவது ஆவணத்தின் வேலை, செய்வது நிரலின் வேலை என்னும் பிரிவினை இங்கிருந்தே வலுப்பெற்றது.

எதிர்த்திசையிற் சென்றவரும் உளர். தமது நூலின் அச்சு அழகற்றுப் போனதைக் கண்டு மனம் நொந்த டொனால்ட் குனூத் 1977 இல் 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு மொழியை அமைக்கத் தொடங்கினார். ஆவணத்தைக் குறியிடும் அதே மொழியிலே நிபந்தனையும் மீள்செயலும் எழுதலாம். கணினியாற் செய்யத்தக்க எந்தக் கணக்கையும் அதனுள் எழுதிவிடலாம். 1984 இல் வெளிவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்கவிவரண மொழியும் அத்தகையதே. ஒவ்வொரு பக்கமும் ஒரு முழு நிரல். 1995 இல் வெளிவந்த பி.எச்.பி. இணையப் பக்கத்துக்குள்ளேயே நிரலைப் பொதிந்து எழுத இடமளித்தது. எளிமையால் உலகெங்கும் பரவிற்று. அப்பக்கங்களைப் பராமரிக்க நேர்ந்தோர் பட்ட பாட்டையும் உலகு அறியும்.

பிரிவினையாளரின் வலிமையான வாதம் இங்கேதான் உள்ளது. அதனை மறைத்துவிட்டு வாதிடுதல் நேர்மையாகாது. எந்த நிரலையும் எழுதவல்ல ஒரு மொழியில் எழுதப்பட்டதைப் பார்த்து, அது முடிவுறுமா, முடிவுறாது ஓடிக்கொண்டே இருக்குமா என்பதை எல்லாச் சந்தர்ப்பங்களிலும் முன்கூட்டிச் சொல்லவல்ல பொதுமுறை இல்லை என்று 1936 இல் அலன் டியூரிங் நிறுவினார். ஆவணம் அத்தகைய நிரலானால், வாசித்து அறியத்தக்கது என்ற தன்மையை அது இழக்கின்றது. ஓட்டிப் பார்த்தே அறியவேண்டியதாகின்றது. 1999 இல் மெலிசா என்னும் நச்சுநிரல் பரவியது சாதாரணக் கடிதக் கோப்பின் வடிவிலேயே. கடிதத்தைத் திறந்தவர் நிரலை ஓட்டினார். அடோபி நிறுவனம் 1993 இல் பி.டி.எஃப். வடிவத்தை வெளியிட்டபோது, தனது போஸ்ட்ஸ்கிரிப்டிலிருந்து நிபந்தனையையும் மீள்செயலையும் வேண்டுமென்றே அகற்றியது; ஏழாம் பக்கத்தைக் காண்பதற்கு முதல் ஆறு பக்கங்களையும் ஓட்டிப் பார்க்கவேண்டிய நிலை அதனால் ஒழிந்தது. (பின்னாளில் அதே வடிவத்துக்குள் வேறொரு நிரல்மொழி பின்கதவால் நுழைந்தது வேறு கதை.) ஒரு பணிக்குப் போதுமான மொழிகளுள் வலிமை மிகக் குறைந்ததைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்று இணையத்தை வகுத்த டிம் பேர்னேர்ஸ்-லீ கூறியதும் இதனாலேயே.

இவ்வாதத்திலிருந்து பெறப்படுவது யாது? எல்லையற்ற நிரல்மொழியை ஆவணத்துக்குள் விடலாகாது என்பது மட்டுமே. கணக்கே ஆவணத்துக்குள் வரலாகாது என்பது இதிலிருந்து பெறப்படுவதன்று. முதலாவதை நிறுவிவிட்டு இரண்டாவதையும் நிறுவிவிட்டதாகக் கருதுதல் தருக்கப் பிழை. கூலியின் விதிக்கு எத்தகைய மொழி வேண்டும்? கூட்டல், கழித்தல், பெருக்கல், நூற்றுவீதம், இரு எண்களின் ஒப்பீடு, 'ஆல்' என்னும் நிபந்தனை. இவற்றுக்கு மேலொன்றும் வேண்டியதில்லை. முடிவற்ற மீள்செயலுக்கு அங்கு இடமே இல்லை. இத்தகைய சிறுமொழியில் எழுதப்பட்டது எப்போதும் முடிவுறும். டியூரிங் காட்டிய இடர் அதனைத் தீண்டாது. அதுமட்டுமன்று. வந்த நாள் 0 முதல் 25 வரை ஒவ்வொன்றையும் இட்டு, 26 விடைகளையும் ஒரே பக்கத்திற் பார்த்துவிடலாம். அவ்வாறு பார்த்திருந்தால், பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் இடையிலுள்ள அந்தப் பள்ளம் 2016 இல் ஒப்பந்தத்திற் கையெழுத்திடுவதற்கு முன்னரே தொழிற்சங்க அலுவலகத்துச் சுவரில் தொங்கியிருக்கும்.

பிரிவினைக் கோட்பாட்டின் அடிப்படைக் குறை இன்னும் ஆழமானது. தகராறுகள் பெயரிலே பிறப்பதில்லை, கணக்கிலேயும் பிறப்பதில்லை, இரண்டும் சந்திக்கும் இடத்திலே பிறக்கின்றன. 'வழங்கிய வேலைநாள்' என்று ஒன்றுக்குப் பெயரிடுவது எளிது. மழையால் நடுப்பகலிலே வேலை நிறுத்தப்பட்ட நாள் வழங்கிய நாளா? பிரட்டுக்களத்துக்கு வந்தவரைக் கொழுந்தில்லை என்று திருப்பியனுப்பிய நாள் வழங்கிய நாளா? ஆவணத்தில் அது வெறும் பெயர். நிரலில் அது வெறும் எண். பெயர் எண்ணாக மாறும் அக்கணம் ஆவணத்திலும் இல்லை, நிரலைத் தனியே படிப்பவருக்கும் தென்படுவதில்லை. பிரித்து வைத்தலின் பயன், வழக்குக்குரிய இடத்தையே பார்வையிலிருந்து அகற்றிவிடுதலாகும்.

பழந்தமிழர் இதனை அறிந்திருந்தனர் என்று இவ்விடத்தில் மார்தட்டுவது இத்தகைய கட்டுரைகளின் மரபு. அம்மரபுக்கு அதிகம் இடங்கொடாமல் ஒன்றை மட்டும் சுட்டலாம். தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டுக்கள், இராசராசன் கொடுத்த பொன்னின் நிறையைக் கூறும்போது, எந்த நிறைகல்லால் அது நிறுக்கப்பட்டது என்பதையும் கூடவே கூறுகின்றன. ஆடவல்லான் என்பது அந்நிறைகல்லின் பெயர். தொகையைச் சொல்பவன் அளவையையும் சொல்லக் கடமைப்பட்டவன் என்பது அரசனுக்கும் பொருந்திய நியதியாக இருந்தது. ஆயிரம் ஆண்டுகளின் பின், ஒரு கிலோ கொழுந்து எந்தக் கழிவுக்குப் பிந்திய கிலோ என்று சீட்டு கூறுவதில்லை.

விதியைக் கூறாத தாள் எத்துணைக் கேடு செய்யும் என்பதை அறிய அவுஸ்திரேலியாவை நோக்கலாம். அங்கு 2015 முதல் 2019 வரை, அரச உதவிப்பணம் பெற்ற ஏழைகளுக்கு, நீங்கள் அரசுக்கு இவ்வளவு கடன் என்று கடிதங்கள் சென்றன. வரித் திணைக்களத்திலுள்ள ஆண்டு வருமானத்தை இரு வாரங்களுக்கு ஒரு பங்காகச் சமமாகப் பிரித்து, அதனையே அவர்கள் உண்மையில் ஈட்டியதாகக் கணினி கொண்டது. ஆறு மாதம் உழைத்து ஆறு மாதம் வேலையின்றி இருந்தவர் ஆண்டு முழுவதும் உழைத்தவராயினார். கடிதத்திலே தொகை இருந்தது. சராசரி எடுத்த விதி தெளிவாக இல்லை. கடன் இல்லையென்று நிறுவும் சுமையும் பெற்றவர் தலையிலேயே விழுந்தது. 2019 நவம்பரில் அவ்வாறு கணித்த கடன் சட்டத்துக்கு மாறானது என்று சமஷ்டி நீதிமன்றத்தில் முடிவாயிற்று. மறு ஆண்டு, ஏறத்தாழ 72 கோடி டொலரைத் திருப்பித்தர அரசு இணங்கியது. 2023 இல் வெளியான அரச ஆணைக்குழுவின் அறிக்கை அத்திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. துண்டுச் சீட்டின் வரலாறு அறிந்தவருக்கு இது புதிய கதையன்று.

இதற்கு மாற்று வெறும் கற்பனையன்று. நிரல் என்பது பொறிக்கு இடும் கட்டளையாக அன்றி மனிதருக்கு எழுதும் கட்டுரையாக அமைதல் வேண்டும், விளக்கமும் நிரலும் ஒரே மூலத்தில் இருத்தல் வேண்டும் என்று குனூத் 1984 இலேயே எழுதினார். அவ்வழியைப் பின்பற்றி, பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் 'கத்தலா' என்றொரு மொழி அமைக்கப்பட்டுள்ளது. சட்டத்தின் ஒரு பிரிவை அப்படியே எழுதி, அதன் கீழேயே அப்பிரிவு கூறும் கணக்கையும் எழுதுவர். சட்டம் மாறினால் எந்தக் கணக்கு மாறவேண்டும் என்பது அருகிலேயே தெரியும். பொதுவிதியை முதலிலும் விலக்குகளைப் பின்னரும் சொல்லும் சட்டத்தின் போக்கே அம்மொழியின் போக்குமாகும். பிரெஞ்சு மொழிச் சொற்களாலேயே அதனை எழுதலாம். சட்டம் படித்தவரும் நிரல் எழுதுபவரும் அருகருகே அமர்ந்து பிரான்சின் குடும்ப உதவிப்பண விதிகளை அவ்வாறு எழுதியபோது, அரசின் உத்தியோகபூர்வக் கணிப்பிலேயே பிழையொன்று வெளிப்பட்டதாக 2021 இல் வெளியான அவர்களது ஆய்வுக் கட்டுரை கூறுகின்றது. இருதரப்பாரும் தனித்தனி அறையில் இருந்த காலம் முழுவதும் அப்பிழை இருவர் கண்ணிலும் படாமலே கிடந்தது.

தமிழில் இது இயலாது என்பார் எழுவர். அவர் எப்போதும் எழுவர். நிரல்மொழிக்குத் தமிழ் பொருந்தும் என்பதை முத்து அண்ணாமலை அமைத்த 'எழில்' காட்டியுள்ளது. 2009 இல் அதுபற்றிய கட்டுரை வெளிவந்தது. அம்மொழியில் நிபந்தனை முன்னே வந்து, 'ஆனால்' என்ற சொல் பின்னே வருகின்றது. ஆங்கிலத்தின் சொல்லொழுங்கை இறக்குமதி செய்யாமல் தமிழின் எச்ச அமைப்பையே அது பின்பற்றுகின்றது. 'வந்தால்', 'எட்டினால்', 'குறைந்தால்' என்று வினையின் ஈற்றிலேயே நிபந்தனையைத் தாங்கும் மொழி கூலி விதிக்கு எவ்வகையிற் குறைவுபட்டது? குறைவு மொழியில் இல்லை. அதனைக் கற்பிப்பவரிடத்தே உள்ளது. கணினியா கணிப்பொறியா, நிரலா செய்நிரலா என்று கலைச்சொற் குழுக்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடின. சொற்கள் பிறந்தன, அச்சொற்களால் ஒரு சம்பளச் சீட்டுக்கூட எழுதப்படவில்லை. தமிழ்த் துறையினர் சொல்லோடு நின்றனர். கணினித் துறையினர் எண்ணோடு நின்றனர். இதுவும் ஒரு பிரிவினைக் கோட்பாடே. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே நடைமுறையில் உள்ளது.

தொழிலாளிக்கு நிரல் எதற்கு, அவர் எண்ணை மட்டுமே கேட்கின்றார் என்று கூறுவோருக்கு ஒரு சொல். தமது பேர்க்கணக்கை மனத்திலும் நாட்காட்டியிலும் வைத்திருக்கும் பெண்கள் எத்தோட்டத்திலும் உளர். இத்தனை முழுப்பேர், இத்தனை அரைப்பேர், ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு இவ்வளவு, திருவிழா முற்பணத்தில் கழிந்தது இவ்வளவு என்று சீட்டு வருமுன்னரே அவர்கள் கணக்கைச் செய்து முடித்திருப்பர். அந்தக் கணக்குக்கும் சீட்டின் எண்ணுக்கும் வேறுபாடு தோன்றும்போதே கேள்வி எழுகின்றது. அலுவலகத்தின் நிரலை மட்டுமே நிரல் எனவும், அவர்களுடைய கணக்கை முறைப்பாடு எனவும் அழைப்பது வர்க்கப் பார்வையன்றி வேறில்லை.

நிருவாகத்தார் தரப்பிலிருந்து வரும் தடை வேறு. விதியைத் தாளில் எழுதினால் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்பார்கள், அலுவலகத்தில் வேலை நடவாது என்பர். அத்தடைக்கு மறுப்புக் கூற வேண்டியதில்லை. விளக்கம் கேட்கப்படும் என்பது உண்மையே.

2016 ஒப்பந்தத்தின் காலத்துச் சீட்டொன்று இவ்வகையில் எழுதப்பட்டிருந்தால் அதன் ஒரு பகுதி பின்வருமாறு அமைந்திருக்கும். பொறியும் இதனையே வாசிக்கும், லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் பிள்ளையும் இதனையே வாசிக்கும்:

வழங்கிய வேலைநாள்: 25.
வந்த நாள்: 18.
வழங்கிய வேலைநாளில் நூற்றுக்கு 75 வந்திருந்தால், வந்த நாள் ஒவ்வொன்றுக்கும் வரவுக் கொடுப்பனவு 60 ரூபா; இல்லையேல் 0.
25 இல் 18 என்பது நூற்றுக்கு 72.
வரவுக் கொடுப்பனவு: 0.

பிள்ளை இதனை வாசித்து முடித்ததும் தாய் கேட்பது, ஏன் குறைந்தது என்ற பழைய கேள்வியாக இராது. "இருபத்தஞ்சு நாள்னு யாரு சொன்னது? போன மாசம் ரெண்டு நாளு பிரட்டுக்குப் போயி, கொழுந்து இல்லேன்னு திருப்பி அனுப்பிட்டாங்களே, அதையும் சேத்தா?" என்று அவள் கேட்பாள். சேர்க்காவிடில் வழங்கிய நாள் 23. அதில் நூற்றுக்கு 75 என்பது பதினேழேகால். 18 நாள் வந்தவளுக்கு 1,080 ரூபா உரியது. மறுநாட் காலை அவள் தோட்டத்து அலுவலகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டியது அந்த ஒரு வரியை மட்டுமே.